பிள்ளைக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதா? அதட்டாதீங்க, எண்ணிப் பாருங்க



போன மாதம் நடந்த ஊராட்சி அளவிலான கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "எம் பொண்ணுக்கு நடந்ததை நம்ம செய்தி மடலில் எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாம். நாலு பேருக்குத் தெரிஞ்சா நான் பட்ட அலைச்சல் இன்னொருத்தருக்கு இருக்காது" என்று சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை. இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தப் பெண் குழந்தைக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. நன்றாக விளையாடிக்கொண்டே இருப்பாள். திடீரென்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்பாள். முகம் வெளுத்துப் போகும். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். பிறகு சட்டென்று சரியாகி, மறுபடி ஓட ஆரம்பித்துவிடுவாள்.

பாட்டி, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று மந்திரித்துத் தாயத்து கட்டினார். பள்ளிக்கூடத்தில், வீட்டுப்பாடம் எழுதாத நாளில் நடிக்கிறாள் என்றார்கள். டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். போய்ச் சேருவதற்குள் படபடப்பு நின்றுவிட்டது. ஈசிஜி எடுத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குழுக் கூட்டத்தில் அந்த அக்கா என்னிடம் கேட்டபோது நானும், "பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகாம இருக்க ஆயிரம் காரணம் சொல்லும் அக்கா, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டேன். சமூகப் பணி படித்தவள் நான். ஒரு கேள்வி கூடக் கேட்காமல் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். குழுவின் ஊக்குநர் உடனே 108-க்கு போன் செய்தார். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோதும் படபடப்பு நிற்கவில்லை. ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நிமிடத்துக்கு 214 தடவை அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு காகிதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. நடிப்பும் இல்லை, பயமும் இல்லை, பேயும் இல்லை. இதயத் துடிப்பில் கோளாறு. இன்று அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறாள். நெஞ்சைத் திறக்காமலேயே குணமாகிவிட்டாள். எப்படி என்று பார்ப்போம்.

இதயத்துக்குள்ளே கரண்டா?

ஆமாம், இருக்கிறது. நம் இதயம் ஒரு தண்ணீர் மோட்டார் மாதிரி. மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும் அல்லவா? இதயமும் தனக்கு வேண்டிய மிகச் சிறிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதயத்துக்கு நாலு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலே வலது பக்க அறையில் ஒரு மெயின் சுவிட்சு இருக்கிறது. அங்கே கிளம்பும் கரண்ட் மேல் அறைகளில் பரவி, நடுவில் இருக்கும் ஒரே ஒரு வாசல் வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்கும். இறங்கினதும் இதயம் ஒரு தடவை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். அதுதான் நாம் "லப் டப்" என்று கேட்கும் ஒரு துடிப்பு.

மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே கரண்ட் போக அந்த ஒரு வாசல்தான் இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இன்னொரு சின்னப் பாதையும் இருந்துவிடுகிறது. குழந்தை வயிற்றில் உருவாகும்போது மறைந்திருக்க வேண்டிய ஒரு மெல்லிய தசை நூல் மறையாமல் தங்கிவிடுகிறது. அவ்வளவுதான். கர்ப்பமாக இருந்தபோது அம்மா எதைச் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாளா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யாருடைய பாவமும் இல்லை.

இந்தக் கூடுதல் பாதையால் என்ன ஆகும்? கரண்ட் வாசல் வழியாகக் கீழே இறங்கும். இறங்கினது அப்படியே முடியாமல், அந்தச் சந்துப் பாதை வழியாக மேலே ஏறிவிடும். மறுபடி வாசல் வழியாக இறங்கும். செக்கு மாடு சுற்றுவது போல அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு தடவை துடிக்கும். மெயின் சுவிட்சு சொல்வதை இதயம் கேட்காது. சுற்று எங்காவது அறுந்ததும் துடிப்பு சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடும். இன்னும் சில பிள்ளைகளுக்கு, அதுவும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த வாசலுக்குள்ளேயே இரண்டு தடம் இருந்து அதில் சுற்று உண்டாகும்.

இது "இதயத்தில் ஓட்டை" இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதயத்தின் அமைப்பு, வால்வு எல்லாம் நன்றாகவே இருக்கும். கோளாறு கரண்ட் போகும் வழியில் மட்டும்தான்.

சாதாரணப் படபடப்பா, இதுவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓடினாலும், காய்ச்சல் வந்தாலும், பயந்தாலும், ரத்த சோகை இருந்தாலும் நெஞ்சு வேகமாக அடிக்கும். அது மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்ல இறங்கும். இந்தக் கோளாறு சுவிட்சு போட்ட மாதிரி திடீரென்று ஆரம்பித்து, சுவிட்சை அணைத்த மாதிரி திடீரென்று நிற்கும். சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கூட வரும்.

பிள்ளையைப் படுக்க வைத்து, இடது மார்பில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணுங்கள். வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 110 வரை துடிக்கும். கைக்குழந்தைக்கு இயல்பாகவே அதிகம், 100-லிருந்து 160 வரை இருக்கும். இந்தக் கோளாறு வரும்போது வளர்ந்த பிள்ளைகளுக்கு 180-க்கு மேலேயும், கைக்குழந்தைக்கு 220-க்கு மேலேயும் போகும். அந்த வேகத்தில் எண்ணவே முடியாது. "எண்ண முடியலையே" என்றால் அதுவே ஒரு அறிகுறிதான்.

கைக்குழந்தை வாய் திறந்து சொல்லாது. பால் குடிக்காமல் இருப்பது, பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்ப்பது, காரணமில்லாமல் அழுதுகொண்டே இருப்பது, வெளுத்துப் போவது, வேகமாக மூச்சு வாங்குவது, இவற்றைக் கவனியுங்கள்.

கீழே சொல்வது ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்:

* மயக்கம் போட்டு விழுவது
* மூச்சுத் திணறல், உதடு நீலமாவது
* கை கால் சில்லிட்டுப் போவது
* கைக்குழந்தை பால் குடிக்காமல் துவண்டு போவது
* படபடப்பு நிற்காமல் தொடர்வது

இன்னொரு விஷயம். ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று விழுந்து வெட்டு வந்தால் எல்லாமே காக்காய் வலிப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில இதயத் துடிப்புக் கோளாறுகளும் அப்படித்தான் காட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த வகைக் கோளாறுக்கு வைத்தியமே வேறு.

ஈசிஜி ஏன் இவ்வளவு முக்கியம்?

படபடப்பு நின்ற பிறகு எடுத்தால் பல பிள்ளைகளுக்கு ஈசிஜி நன்றாகவே இருக்கும். சில பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் பாதை சாதாரண நேரத்து ஈசிஜியிலும் தெரியும். அமெரிக்காவிலும் லண்டனிலும் இருந்த மூன்று டாக்டர்கள் 1930-லேயே இதைக் கவனித்து எழுதினார்கள். அவர்கள் பெயரைச் சேர்த்து "உல்ஃப் பார்க்கின்சன் ஒயிட்" என்று இன்றும் அழைக்கிறார்கள். ரிப்போர்ட்டில் இதன் ஆங்கிலச் சுருக்கம் "டபிள்யூ பி டபிள்யூ" என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

மற்ற பிள்ளைகளுக்குப் படபடப்பு இருக்கும்போதே எடுத்தால்தான் பிடிபடும். அதனால் அந்த நேரத்தில் பக்கத்தில் எங்கே ஈசிஜி இருக்கிறதோ, அங்கே உடனே போங்கள். பிரிண்ட் எடுத்த காகிதத்தைக் கேட்டு வாங்கி, ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ஈசிஜி காகிதம் நாளாக ஆக எழுத்து அழிந்துவிடும். போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

படபடப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் இருந்தது, அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, இதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சேமிப்புக் கணக்கை எழுதும் நமக்கு இது பெரிய வேலை இல்லை. டாக்டருக்கு இது மிகவும் உதவும்.

வைத்தியம் என்ன?

முதலில், அப்போது வந்திருக்கும் படபடப்பை நிறுத்துவது. வளர்ந்த பிள்ளைகளை மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். கைக்குழந்தைக்கு முகத்தில் சில விநாடி ஐஸ் பை வைப்பார்கள். அதிலும் நிற்காவிட்டால் நரம்பு வழியாக ஒரு ஊசி போடுவார்கள். சில விநாடியில் சுற்று அறுந்துவிடும். இதெல்லாம் டாக்டர் செய்ய வேண்டியது, அல்லது டாக்டர் சொல்லிக் கொடுத்த பிறகு நாம் செய்வது. வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று கண்ணை அழுத்துவதும், குழந்தையைத் தண்ணீரில் முக்குவதும் கூடவே கூடாது.

அடுத்தது, திரும்ப வராமல் இருக்க மாத்திரை. ஒரு வயதுக்குள் இந்தக் கோளாறு வந்த குழந்தைகளில் பலருக்கு வளர வளரத் தானாகவே சரியாகிவிடும். அதுவரை மருந்து போதும். மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது.

மூன்றாவதுதான் குழாய் வழி சிகிச்சை. டாக்டர்கள் இதைக் கதீட்டர் அப்லேஷன் என்பார்கள். 1968-ல் அமெரிக்காவில் முதன்முதலாக இந்தக் கூடுதல் பாதையை வெட்டியபோது நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்தார்கள். 1980-களின் கடைசியில் ரேடியோ அலை மூலம் செய்யும் முறை வந்தது. அதன் பிறகு நெஞ்சைத் திறக்கும் தேவை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

அறைக்குள்ளே என்ன செய்கிறார்கள்?

அந்த அக்கா பயந்ததே இதற்குத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாவிட்டால் பெற்றவள் மனம் என்னென்னவோ நினைக்கும். நடப்பது இதுதான்.

சில மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள். தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக் குழாயில் ஊசி போட்டு, அது வழியாக நூடுல்ஸ் அளவு மெல்லிய கம்பிக் குழாய்களை இதயம் வரைக்கும் அனுப்புவார்கள். டிவி போன்ற திரையில் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே செய்வார்கள்.

குழாயின் நுனி கரண்ட் போகும் வழியைப் படிக்கும். பிறகு டாக்டரே சின்னச் சின்னத் துடிப்பு கொடுத்து அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார். அப்போதுதான் சந்துப் பாதை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியும். இடம் தெரிந்ததும் குழாயின் நுனியை அங்கே வைத்து, சில விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை, ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி சூடு கொடுப்பார்கள். சில மில்லிமீட்டர் அளவு இடம் மட்டும் தழும்பாகி, அதன் வழியாகக் கரண்ட் போவது நின்றுவிடும். வயலுக்குப் போகும் வாய்க்காலில் எலி வளை போட்ட இடத்தை அடைப்பது போலத்தான். வாய்க்கால் அப்படியே இருக்கும், கசிவு மட்டும் நிற்கும்.

சந்துப் பாதை அந்த முக்கியமான வாசலுக்கு மிக அருகில் இருந்தால் சில இடங்களில் சூட்டுக்குப் பதிலாகக் குளிர்ச்சி கொடுத்துச் செய்வார்கள். முதலில் லேசாகக் குளிர வைத்துச் சோதிப்பார்கள். வாசலுக்குப் பாதிப்பு வருவது போலத் தெரிந்தால் உடனே நிறுத்தலாம், பழையபடி ஆகிவிடும். சரியான இடம் என்று உறுதியானால்தான் முழுக்க உறைய வைப்பார்கள்.

"சூடு" என்றதும் நம் ஊரில் குழந்தைக்கு வயிற்றில் சூடு போடுவார்களே, அது ஞாபகம் வரலாம். அதற்கும் இதற்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை. வெளியில் சூடு போடுவது குழந்தைக்குப் புண்ணையும் சீழையும்தான் தரும். அதை எந்த நோய்க்கும் செய்யக் கூடாது.

எல்லாம் முடிய இரண்டு முதல் நாலு மணி நேரம் ஆகலாம். பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் போல ஓட்டம், சைக்கிள் வேண்டாம் என்பார்கள். பிறகு பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம் டாக்டர் சொன்னபடி பழையபடியே.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

இது நூற்றுக்கு நூறு குணமாகுமா?
நூறு பிள்ளைகளுக்குச் செய்தால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே தடவையில் குணமாகிவிடும். சிலருக்குத் திரும்ப வரலாம். அப்போது மறுபடி செய்யலாம்.

ஆபத்தே இல்லையா?
இருக்கிறது, ஆனால் குறைவு. ஊசி போட்ட இடத்தில் ரத்தக் கட்டு வரலாம். நல்ல வாசலுக்கே பாதிப்பு வந்து, பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டிய நிலை நூற்றில் ஒருவருக்கும் குறைவாக ஏற்படலாம். கையெழுத்துப் போடும் முன் "எங்க பிள்ளைக்குப் பாதை எந்த இடத்தில் இருக்கலாம்? வாசலுக்குப் பக்கமா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

எந்த வயதில் செய்யலாம்?
மருந்தில் கட்டுப்பட்டால், பிள்ளைக்கு 15 கிலோ எடை வரும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள். சின்ன இதயத்தில் ஆபத்து சற்று அதிகம். மருந்துக்கு அடங்காமல் உயிருக்கு ஆபத்து என்றால்தான் அதற்கு முன்பே செய்வார்கள்.

பொம்பளைப் பிள்ளை ஆச்சே, நாளைக்குக் கல்யாணம், பிரசவம் எல்லாம்?
இந்தக் கேள்வியைக் குழுவில் ஒருவர் கேட்டபோது அந்த அக்கா அழுதுவிட்டார். "ஊருக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவா" என்று மாமியார் சொன்னதால் சிகிச்சையே வேண்டாம் என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தார். டாக்டர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். நெஞ்சில் தழும்பு இருக்காது. தொடையில் ஊசி குத்தின புள்ளி மட்டும், அதுவும் மறைந்துவிடும். குணமான பிறகு கல்யாணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் இது தடையில்லை. சரி செய்யாமல் விட்டால்தான் கர்ப்ப காலத்தில் படபடப்பு அதிகமாகித் தொல்லை தரலாம்.

பணத்துக்கு என்ன செய்வது?

இந்தச் சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. சென்னை, வேலூர், கோவை, மதுரை போன்ற ஊர்களில் உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் அதற்கான அறையும் டாக்டரும் இருக்கிறார்கள். தனியாகப் பணம் கட்டினால் நம்மால் தாங்க முடியாது. ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் கார்டு பதியலாம். மருத்துவமனையில் சேரும் முன் அங்குள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில், "இந்தச் சிகிச்சைக்கு இங்கே கார்டு செல்லுமா, நாங்கள் தனியாக எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். அவர்கள் பரிந்துரைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

காப்பீடு இருந்தாலும் பஸ் செலவு, சாப்பாடு, போன கூலி இதெல்லாம் நம் கையிலிருந்துதான். அந்த அக்கா கந்து வட்டிக்காரரிடம் போக இருந்தார். குழு அவசரக் கூட்டம் போட்டு, வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்கள் கடனை விட்டுக் கொடுக்க, 6,000 ரூபாய் உள்கடன் தந்தது. பத்துத் தவணையில் கட்டி முடித்துவிட்டார். ஊக்குநர் மூன்று நாள் கூடவே இருந்தார்.

சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், "உன்னை நம்பாம விட்டுட்டேன், தப்புதான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "இப்ப எண்ணிப் பாருங்க மிஸ்" என்று என் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். எண்ணினேன். 88.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, பதினைந்து விநாடி துடிப்பு எண்ணுவதை எல்லோரும் பழகுங்கள். இரண்டு, எத்தனை பேரிடம் காப்பீட்டு கார்டு இல்லை என்று பட்டியல் எடுங்கள். மூன்று, மருத்துவ அவசரத்துக்கு உள்கடனில் ஒரு தொகையை ஒதுக்கித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பிள்ளை "நெஞ்சு அடிக்குதும்மா" என்று சொன்னால் முதலில் நம்புங்கள். கை வைத்து எண்ணிப் பாருங்கள்.